தங்கிய இடமும் கண்ட காட்சியும்

கடற்கரைப் பயணம் என்று முடிவானதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, எங்கே தங்குவது என்பதுதான். எவற்றைப் பார்ப்பது என்பது அதற்கடுத்துத்தான் வரும். நல்ல அறை ஒன்று கிடைத்துவிட்டால் மற்றவை தாமே அமையும் என்பது நம் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் நாம் அறியாத ஓர் உண்மையும் இருக்கிறது. எந்த வாசலிலிருந்து புறப்படுகிறோமோ அந்த வாசல் காட்டும் ஊரைத்தான் பார்த்துத் திரும்புகிறோம். அந்த வாசலை யாரோ ஒருவர், ஏதோ ஒரு காலத்தில், யாரையோ உள்ளே விடவும் யாரையோ வெளியே நிறுத்தவும் கட்டியிருக்கிறார். ஆகவே தங்குமிடத்தின் வரலாறு தெரிந்தால் ஊரின் வரலாற்றில் பாதி தெரிந்தமாதிரி.

இதைச் சோதித்துப் பார்க்கக் காவிரிக் கழிமுகத்தைவிடப் பொருத்தமான கடற்கரை தமிழ்நாட்டில் இல்லை என்று நினைக்கிறேன். வடக்கே பூம்புகார். அதற்குத் தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் தரங்கம்பாடி. பிறகு புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால். அதைக் கடந்தால் நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. இன்னும் தெற்கே வேதாரண்யம். கடைசியாக, கடற்கரை மேற்கே திரும்பும் மூலையில் கோடிக்கரை. நின்று நிதானித்துப் பார்க்காவிட்டால் ஒரே பகலில் காரில் கடந்துவிடக்கூடிய தூரம். பலர் அப்படித்தான் கடக்கிறார்கள். இந்தச் சிறிய நீளத்துக்குள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக வெளியூரார் வந்து தங்கியிருக்கிறார்கள். அவர்கள் எங்கே தங்கினார்கள், யார் தங்கவைத்தார்கள் என்று வடக்கிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

பள்ளியில் தங்கியவர்

பூம்புகாருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பார்த்துவிட்டுக் கடலில் கால் நனைத்துத் திரும்பிவிடுகிறார்கள். 1973-ல் திறக்கப்பட்ட அந்த எழுநிலை மாடமும், அக்காலத்தில் பயணிகளுக்கென்று சங்கு, சிப்பி வடிவங்களில் எழுப்பப்பட்ட குடில்களும் காப்பியத்தின் புகாரை நம் கண்முன் நிறுத்த எடுத்துக்கொண்ட முயற்சிகள். அவை பழைய புகாரின் எச்சங்கள் அல்ல என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

எச்சங்கள் இரண்டு, கடலிலிருந்து சற்று உள்ளே இருக்கின்றன. ஒன்று கீழையூரில் இந்தியத் தொல்லியல் துறையினர் 1960-களில் அகழ்ந்து கண்ட படகுத்துறை. பெரிய செங்கற்களால் ஆன மேடை. படகுகளைக் கட்ட நட்ட மரத்தூண்களின் அடிப்பகுதிகள். அம்மரத்தின் காலத்தைக் கரிமக் கணிப்பு கி.மு. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டி வைத்தது. மற்றொன்று பல்லவனீச்சுரத்தில் கிடைத்த பௌத்தப் பள்ளி. வரிசையாகச் சிறு அறைகள், சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய புத்த பாதம், சிறிய செப்புப் படிமம் ஒன்று. இரண்டு இடங்களுமே பார்ப்பதற்கு எளியவை. மண்ணைத் தோண்டிய பள்ளமும் செங்கல் வரிசையும் தவிர வேறொன்றும் கண்ணைக் கவராது. ஆனால் வந்திறங்கும் துறையும், வந்தவர் தங்கும் அறையும் என்ற இரண்டும் ஒருங்கே கிடைத்திருப்பது அரிது.

அப்படி இந்நகரத்துப் பள்ளி ஒன்றில் தங்கிய ஒருவரின் பெயரும் நமக்குக் கிடைக்கிறது. புத்ததத்தர் என்னும் பாலி மொழி ஆசிரியர். உறையூர்க்காரர், இலங்கையின் அநுராதபுரத்தில் மகாவிகாரையில் பயின்று திரும்பியவர். கி.பி. 5-ஆம் நூற்றாண்டினர் என்பது அறிஞர்கள் பொதுவாக ஏற்கும் காலம். காவிரிப்பட்டினத்தில் கண்ணதாசன் என்பவர் கட்டிக்கொடுத்த பள்ளியில் இருந்துகொண்டு அபிதம்மாவதாரம் என்னும் நூலை எழுதியதாக அவரே குறித்துவைத்திருக்கிறார். மக்கள் நெருக்கமும் வளமும் கொண்ட நகரம் என்று அதைப் புகழ்ந்தும் சொல்கிறார். களப்பிரர் காலத்தை இருண்ட காலம் என்று நெடுநாள் படித்துவந்த நமக்கு, அந்த இருட்டில் விளக்கேற்றி உட்கார்ந்து ஒருவர் எழுதிய அறை இக்கடற்கரையில் இருந்திருக்கிறது என்பது ஒரு முக்கியமான செய்தி.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் உலகவறவியையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். பசித்தவரும் பிணியுற்றவரும் ஒதுங்கும் ஊர்ப்பொது அம்பலம் அது. அமுதசுரபியோடு மணிமேகலை புகுந்தது அரண்மனைக்குள் அன்று, அந்த அம்பலத்துக்குள். காப்பியத்தில் வரும் கட்டடத்தை மண்ணில் தேட வேண்டியதில்லை. ஒரு துறைமுக நகரத்தைப் பாடிய புலவர், திக்கற்றவர் தங்க ஓர் இடம் அதில் இருந்தே தீரும் என்று எண்ணியிருக்கிறார். அதைக் கவனித்தால் போதும்.

கடல் கடந்து கட்டிய விடுதி

புகார் தணிந்த பின் இக்கடற்கரையில் ஓங்கியது நாகப்பட்டினம். அதன் மிகப்பெரிய காட்சி இன்று காணக்கிடைக்காத ஒன்று.

கடாரத்துக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் அரசனான மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மனின் பெயரால் நாகையில் ஒரு பௌத்த விகாரம் எழுப்பினான். அதற்கு முதலாம் ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006-ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். இச்செய்தியைச் சொல்லும் செப்பேடுகள் பிற்காலத்தில் நெதர்லாந்தின் லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர்பெற்றன. தஞ்சையில் சிவனுக்குப் பெருங்கோயில் எழுப்பிக்கொண்டிருந்த அதே மன்னன், கடலுக்கு அப்பாலிருந்து வருவோர் தங்கி வழிபடப் பௌத்தப் பள்ளிக்கு ஊர் கொடுக்கிறான். இதைச் சமயப் பொறை என்று மட்டும் புகழ்ந்துவிட்டு நகர்வது எளிது. வணிகம் நடக்க வேண்டுமானால் வணிகன் தங்க வேண்டும். தங்குகிறவனுக்குத் தன் தெய்வமும் வேண்டும். இந்தக் கணக்கும் அந்தக் கொடையில் இருக்கிறது. ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் 1025-ல் அந்தக் கடாரத்தின் மீதே படையெடுத்தான். அப்படியும் விகாரம் நின்றது. முதலாம் குலோத்துங்கன் 1090-ல் அதற்குரிய உரிமைகளை மீண்டும் உறுதிசெய்ததைச் சிறிய லெய்டன் செப்பேடு காட்டுகிறது. அரசர்களின் சண்டையைவிட விடுதியின் ஆயுள் நீண்டதாக இருந்திருக்கிறது.

நாகையில் செங்கல்லாலான ஒரு பழைய கோபுரம் 19-ஆம் நூற்றாண்டு வரை நின்றது. சீனக் கோபுரம், புதுவெளிக் கோபுரம் என்றெல்லாம் அது அழைக்கப்பட்டது. 14-ஆம் நூற்றாண்டில் வாங் தாயுவான் என்னும் சீனப் பயணி இக்கடற்கரையில் கண்டதாக எழுதிய கோபுரம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதில் 1267-க்கு இணையான சீன ஆண்டு பொறித்திருந்ததாக அவர் குறிக்கிறார். 1846-ல் வால்டர் எலியட் இதை நேரில் பார்த்து விவரித்திருக்கிறார். மூன்று நிலைகள் கொண்டது, உள்ளே மாடிக்குத் தளம் இல்லை, சிதைந்துகொண்டிருந்தது. 1867-ல் இயேசு சபையினரின் வேண்டுகோளை ஏற்றுச் சென்னை அரசு அனுமதி கொடுக்க, கோபுரம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. நாகையில் 1844-ல் தொடங்கிய புனித வளனார் கல்லூரி அவர்களுடையது. அந்தக் கல்லூரியும் 1883-ல் திருச்சிக்குப் பெயர்ந்துவிட்டது. எந்த ஊருக்காகக் கோபுரத்தை அப்புறப்படுத்தினார்களோ அந்த ஊரில் அவர்கள் அதன்பின் பதினாறு ஆண்டுகள்தாம் கல்லூரி நடத்தினார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கிப் பல பத்தாண்டுகள் நாகை மண்ணிலிருந்து வெளிப்பட்ட பௌத்தச் செப்புப் படிமங்கள் முந்நூற்றைம்பதைத் தொடும். டி. என். ராமச்சந்திரன் அவற்றைப் பற்றி எழுதிய நூல் சென்னை அருங்காட்சியகத்தின் வெளியீடாக 1954-ல் வந்தது. எழும்பூருக்குப் போய் அப்படிமங்களைப் பார்த்துவிட்டு நாகைக்குப் புறப்படுவது நல்ல முறை. நாகையில் அவற்றின் வெற்றிடத்தைத்தான் பார்க்க முடியும். என்ன இல்லை என்பது தெரிந்திருந்தால்தான் வெற்றிடமும் கண்ணுக்குப் புலப்படும்.

கோட்டை விடுதியான கதை

இன்று இக்கடற்கரையில் அழகிய தங்குமிடம் என்றால் எல்லோரும் தரங்கம்பாடியைச் சொல்கிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. கடலை நோக்கிய கோட்டை, நேரான தெருக்கள், 1792-ல் எழுந்த நகர வாயில், சீயோன் ஆலயம், புதிய எருசலேம் ஆலயம், ஆளுநர் மாளிகை எல்லாம் நடந்தே பார்க்கும் தொலைவில் இருக்கின்றன.

1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் அரசனின் சார்பில் வந்த தளபதி ஓவே ஜெட்டேக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையில் தொடங்குகிறது டேனியர் கதை. பொன் ஓலையில் எழுதிய அந்த ஆவணம் கோபன்ஹேகனில் பாதுகாக்கப்படுகிறது. கோட்டையின் மேல்தளத்தில் ஆளுநரும் வணிகரும் குருமாரும் வசித்தார்கள். கீழே சரக்கறை, சமையற்கூடம், படைவீரர் கொட்டடி, சிறை. 1706 ஜூலையில் வந்திறங்கிய சீகன்பால்கு, 1708-ன் இறுதியில் ஆளுநரோடு பிணங்கி நான்கு மாதங்கள் இக்கோட்டையில் அடைபட்டிருந்தார். அதே 1708-ல்தான் தாம் திரட்டிய தமிழ் ஏட்டுச்சுவடிகளுக்கு அவர் ஒரு பட்டியல் எழுதி முடித்திருந்தார். இக்கடற்கரையில் எத்தகைய தமிழ் நூல்கள் அப்போது புழங்கின என்பதற்கு அப்பட்டியல் இன்றும் சான்று. அச்சுக்கூடம் வந்தது அதன்பின். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆளுநர்கள் கோட்டையை விட்டு எதிரிலிருந்த மாளிகைக்குக் குடிபோனார்கள்.

1845-ல் டேனியர் தரங்கம்பாடியைச் செராம்பூரோடு சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றார்கள். சில ஆண்டுகள் தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடம் இங்கே இருந்தது. 1861-ல் ரயில் நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டதும் தரங்கம்பாடித் துறைமுகம் ஓய்ந்தது. மாயவரத்திலிருந்து இவ்வூருக்கு 1926-ல் வந்த கிளைப்பாதையும் 1986-ல் மூடப்பட்டது. பழைய கட்டடங்கள் தப்பிப் பிழைத்ததற்கு இந்த மந்தநிலையே காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது. இடித்துக் கட்டும் அளவுக்கு எவரிடமும் இங்கே பணம் புழங்கவில்லை.

இந்தக் கதையில் பலருக்கும் தெரியாத ஓர் அத்தியாயம் உண்டு. விடுதலைக்குப் பிறகு 1978 வரை டேனிஷ் கோட்டை அரசு அதிகாரிகள் தங்கிப்போகும் ஆய்வு மாளிகையாக இருந்தது. வட ஐரோப்பிய அரசன் ஒருவனின் கீழைக் கோட்டையில் வட்டார அதிகாரிகள் பெட்டி படுக்கையோடு வந்து இராத்தங்கிப் போனார்கள். பின்னர் மாநிலத் தொல்லியல் துறை பொறுப்பேற்று அருங்காட்சியகம் வைத்தது. ஆட்சியர் மாளிகையாக இருந்த கட்டடம் ஒன்று 2004-ஐ ஒட்டி மரபு விடுதியாயிற்று. கோட்டை விடுதியாகிக் காட்சியகமாயிற்று. மாளிகை அலுவலகமாகி விடுதியாயிற்று. கட்டடம் மாறாமல் வாடகைதாரர் மாறுவதுதான் இந்த ஊரின் வரலாறு.

அந்த விடுதியின் வராந்தாவில் உட்கார்ந்து பார்த்தால் தெரிவது டேனியர் தரங்கம்பாடி. அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியனின் 37-ஆம் ஆட்சியாண்டில், 1306-ஐ ஒட்டி, எழுந்தது என்று கல்வெட்டு சொல்கிறது. ஊரின் பழைய பெயரான சடங்கன்பாடியும் அக்கல்வெட்டில் இருக்கிறது. டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது பெயரும் கோயிலும் உள்ள துறைமுகம். கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எஞ்சியது பிற்காலத்தில் புதுப்பிக்கப்பட்டது. அதற்கும் அப்பால் மீனவர் குடியிருப்பு. பயணிகளின் ஒளிப்படங்களில் கோட்டை வருகிற அளவில் நூறிலொரு பங்குகூட இவ்விரண்டும் வருவதில்லை.

சத்திரத்துக் கணக்கு

ஐரோப்பியர் தமக்காக மாளிகை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், வழிப்போக்கருக்காகக் கட்டியவர்கள் தஞ்சை மராட்டிய மன்னர்கள். தஞ்சையிலிருந்து கடலோரமாக ராமேசுவரம் செல்லும் பாதையில் அவர்கள் வரிசையாகச் சத்திரங்கள் அமைத்தார்கள். ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரம், நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரம் என்று அரண்மனைப் பெண்களின் பெயர்களையே பலவற்றுக்கும் இட்டார்கள். நாம் பேசும் கடற்கரைக்குச் சற்றுத் தெற்கிலும் மேற்கிலும் இவை அமைந்திருக்கின்றன என்றாலும், இக்கடற்கரைக்கு வந்த யாத்திரிகர் கூட்டம் தங்கிய வழி இதுவே.

1801-ல் இரண்டாம் சரபோஜி ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதம் ஒன்று இச்சத்திரங்களைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. நாட்டு நிர்வாகம் கைநழுவிப் போயிற்று. சத்திரங்களையாவது தன்னிடம் விட்டுவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். சாதி வேறுபாடின்றி வருவோருக்கெல்லாம் சோறு. சமைத்த சோறு உண்ணாதவருக்கு அரிசியும் மற்றப் பொருள்களும். நோயுற்றால் மருந்து, பிரசவமானால் கவனிப்பு, இறந்தால் அவரவர் முறைப்படி இறுதிச் சடங்கு, அநாதைப் பிள்ளைகளுக்குப் படிப்பு. இவ்வளவையும் மன்னர் கணக்கெடுத்துச் சொல்கிறார். சத்திரத்துக்குள் பந்தியும் சமையலும் சாதிவாரியாகவே பிரிந்திருந்தன என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆயினும் ஓர் அரசன் தன் நாட்டை இழந்துகொண்டிருந்த வேளையில் கடைசியாகக் கைவிட மறுத்தது வழிப்போக்கனுக்குச் சோறிடும் உரிமையை என்பது எண்ணத்தக்கது. அதே சரபோஜிதான் நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட மல்லிப்பட்டினக் கடலோரத்தில் மனோரா என்னும் எட்டடுக்குக் கோபுரத்தையும் கட்டினார். ஒன்று கடன்பட்ட விசுவாசம். மற்றது சொந்தப் பெருமை. பயணிகள் மனோராவைத் தேடிப் போகிறார்கள், சத்திரத்தைத் தேடுவதில்லை.

நாகூரில் ஹஜ்ரத் சாகுல் ஹமீது அவர்களின் தர்காவையும் இத்தொடர்ச்சியில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்குள்ள ஐந்து மினாராக்களில் 131 அடி உயரமானதைக் கட்டியவர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங். கந்தூரி நாட்களில் எல்லாச் சமயத்தாரும் அங்கே வந்து தங்குகிறார்கள். தெற்கே வேளாங்கண்ணியிலும் அப்படியே. யாத்திரைத் தலத்தில் தங்குவோரை ஊர் வாடிக்கையாளராகப் பார்ப்பதற்கு முன் விருந்தாளியாகப் பார்க்கப் பழகியிருக்கிறது. இன்றும் அந்தப் பழக்கத்தின் சுவடு இவ்விரு ஊர்களிலும் முற்றாக அழியவில்லை.

விரும்பாமல் தங்கியவர்கள்

தங்குமிடம் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் இக்கடற்கரையில் இருந்தது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் திரட்டிய தொழிலாளர்கள், கப்பல் வரும்வரை நாகப்பட்டினத்தில் இருந்த முகாமில் காத்திருந்தார்கள். இதுபோன்ற மற்றொரு முகாம் ஆவடியில். மருத்துவப் பரிசோதனையும் பதிவும் முடிந்து, குடும்பம் குடும்பமாகக் கப்பலேறியவர்கள் அவர்கள். பயிற்சியற்ற தொழிலாளரை உதவியளித்து அனுப்பும் முறைக்கு 1938-ல் இந்திய அரசு தடை விதித்தது. தம் நாட்டில் அவர்கள் கழித்த கடைசி இரவுகள் அம்முகாமில் கழிந்தன. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வாழும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் கதை நாகைத் துறையிலிருந்து தொடங்குகிறது. சூடாமணி விகாரத்தின் கடாரமும் இந்தத் தோட்டங்களின் மலாயாவும் ஒரே நிலம். அங்கிருந்து வந்தவனுக்கு விகாரம் எழுந்தது. இங்கிருந்து போனவனுக்கு முகாம்தான் வாய்த்தது.

தங்க இடம் கொடுத்தது குற்றமானபோது

வேதாரண்யத்துக்கு வருவோம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியின் தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து உப்பெடுக்கப் புறப்பட்டார்கள். தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் அவர்களை வழியில் அடித்து விரட்ட முனையவில்லை. அதைவிடக் கூர்மையான ஒரு வழியைக் கண்டார். அவர்களுக்கு உணவும் உறைவிடமும் அளிப்போர் இந்திய தண்டனைச் சட்டத்தின் 157-ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறை செல்ல நேரும் என்று அறிவித்தார். விருந்தோம்பலுக்குப் பேர்போன மாவட்டத்தில் விருந்தோம்பலே குற்றமாயிற்று.

மாவட்டம் இதற்கு அளித்த விடையைத் தமிழர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் வெளிப்படையாகவே அவர்களை வீட்டுக்கு அழைத்து விருந்திட்டுச் சிறை சென்றார். மற்றவர்கள் மறைமுகமாகச் செய்தார்கள். தொண்டர்கள் வரும் வழியில் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. ஆற்றங்கரையில் உணவு இருக்கும் இடத்துக்குக் குறிப்பு வைத்தார்கள். ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் வந்தவர்களை வேதரத்தினம் பிள்ளை வரவேற்றுத் தங்கவைத்தார். 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்த ராஜாஜி கைதானார். வேதரத்தினம் பிள்ளை சிறைப்பட்டுச் சொத்தையும் இழந்தார். பின்னாளில், 1946-ல், பெண் குழந்தைகள் தங்கிப் படிக்கக் கஸ்தூரிபா காந்தி கன்னியா குருகுலத்தை அவ்வூரிலேயே நிறுவியவர் அவர். இடம் கொடுத்ததற்காகத் தண்டனை பெற்றவர், இடம் கொடுப்பதையே வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார்.

அகஸ்தியம்பள்ளியில் நினைவுத்தூண் இருக்கிறது. பார்க்க வேண்டியதுதான். ஆனால் அங்கே போகும்போது சாலையோர மரங்களையும் சற்று நிமிர்ந்து பாருங்கள். அந்த யாத்திரையின் மெய்யான நினைவுச்சின்னங்கள் அவை.

இருநூறு மீட்டர்

2004 டிசம்பர் 26 காலையில் வந்த ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் மிக அதிகமாக உயிர் இழந்தது அன்றைய நாகப்பட்டினம் மாவட்டம். 6,000-க்கும் மேற்பட்டோர். தரங்கம்பாடியும் பூம்புகாரும் அப்போது அம்மாவட்டத்தில்தான் இருந்தன. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை மாவட்டம் பிரிந்தபோது அதில் சேர்ந்தன. மாண்டவர்களில் பெரும்பகுதியினர் கரையோரத்தில் வாழ்ந்த மீனவர். கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்து தங்கியிருந்த யாத்திரிகர்களும் உண்டு. கோடிக்கரையில் நின்ற பழைய கலங்கரை விளக்கத்தின் சிதைவும் அன்று சரிந்தது.

அதன்பின் 2005 மார்ச்சில் வந்த அரசாணை, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வாழ்ந்தோர் அதற்கு அப்பால் போகச் சம்மதித்தால் புது வீடு தரும் என்றது. இருக்கும் இடத்திலேயே இருக்க விரும்புவோர் தம் வீட்டைத் தாமே பழுதுபார்த்துக்கொள்ளலாம், உதவி கிடையாது. பாதுகாப்பு என்ற நோக்கில் அது நியாயமானதே. ஆனால் மீனவருக்குக் கடலின் அருகே இருப்பது காட்சிக்காக அன்று. காற்றையும் நீரோட்டத்தையும் வாசலிலிருந்து பார்த்துத்தான் படகை இறக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும். வலையும் படகும் கரையில்தான் கிடக்கும். உள்ளே தள்ளிக் கட்டிய காலனிகளிலிருந்து அவர்கள் விடியலுக்கு முன் நடந்து வர வேண்டியதாயிற்று. அதே கரையில், கடலைப் பார்த்த அறை என்பதற்காக நாம் கூடுதல் வாடகை கொடுக்கிறோம். அங்கேயே பிறந்தவர் தள்ளிப்போக வேண்டிய இருநூறு மீட்டர், விடுமுறைக்கு வந்தவருக்கு விலையுயர்ந்த சரக்காகிவிட்டது.

இதைச் சொல்வது கடற்கரை விடுதிகளில் யாரும் தங்கக்கூடாது என்பதற்காக அன்று. பழைய கட்டடங்களைக் காப்பாற்றியதில் அவ்விடுதிகளுக்கும் பங்கு உண்டு. அறையின் சன்னலைத் திறக்கும்போது கண்முன் விரியும் அந்த வெறுமையான மணற்பரப்பு எப்படி வெறுமையாயிற்று என்று தெரிந்து தங்குவது நம் கடமை.

அப்படியானால் எங்கே தங்குவது?

ஐந்து நாள் ஒதுக்க முடிந்தவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். காலம்: ஜனவரி முதல் மார்ச் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தைப் புரட்டிப்போட்டதை இவ்வூரார் இன்னும் மறக்கவில்லை. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. கூட்டத்தையே பார்க்க விரும்புவோர் அப்போது போகலாம். அறை கிடைப்பது கடினம்.

முதல் இரண்டு இரவுகள் தரங்கம்பாடியில். முதல் நாள் கோட்டையையும் தெருக்களையும் விட்டுவிடுங்கள். விடியலில் மாசிலாமணிநாதர் கோயிலுக்கும் படகுகள் கரையேறும் இடத்துக்கும் போங்கள். மீன் ஏலம் நடந்தால் ஓரமாக நின்று பாருங்கள். அதன்பிறகு கோட்டைக்குப் போனால் அது வேறு மாதிரித் தெரியும். இரண்டாம் நாள் பூம்புகார்: முதலில் கீழையூர், பல்லவனீச்சுரம், பிறகு கலைக்கூடம். வரிசை முக்கியம். கலைக்கூடத்தை முதலில் பார்த்தவர் கண்ணுக்குச் செங்கல் மேடை அற்பமாகத் தெரியும்.

அடுத்த இரண்டு இரவுகள் நாகூரில் அல்லது நாகையில். எளிய விடுதிகள்தாம், கடல் தெரியாது. இந்தக் கரையில் வெளியூராரைத் தங்கவைப்பதை நெடுங்காலம் தொழிலாகவும் தருமமாகவும் கொண்டிருந்த ஊர்கள் இவை. மாலையில் தர்கா, காலையில் துறைமுகம், பகலில் வேளாங்கண்ணி. கடைசி இரவு வேதாரண்யம். ஊர்க்கோயில், அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள், அங்கிருந்து கோடிக்கரைச் சரணாலயம். 1967 முதல் காக்கப்பட்டுவரும் அக்காட்டில் வெளிமான்களும், சதுப்பு நீர்ப்பரப்பில் குளிர்கால வரவாகிய பூநாரைகளும் உண்டு. அவையும் வெகுதூரத்திலிருந்து வந்து, சில மாதங்கள் தங்கி, திரும்பிப் போகிறவைதாம்.

மற்றுமொன்று. எந்த ஊரில் தங்கினாலும், அந்த விடுதி அதற்கு முன் என்னவாக இருந்தது என்று அங்குள்ள முதியவர் ஒருவரிடம் கேளுங்கள். அரிசி மண்டி என்பார், சுங்கச் சாவடி என்பார், யாரோ ஒரு செட்டியார் வீடு என்பார். அந்தப் பதிலிலிருந்து தொடங்கும் பயணத்துக்குக் கையேடு தேவைப்படாது.